தைம் செடியும் ஓம மூட்டையும்

மூலிகைகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செடியின் பெயரைச் சொன்ன கையோடு எகிப்துக்குப் போய்விடுவார்கள். அங்கிருந்து கிரேக்கம், ரோம், இடைக்கால மடாலயம், கொள்ளைநோய்க் காலம் என்று படிப்படியாக இறங்கி வந்து, நவீன அறிவியலும் இதை ஒப்புக்கொண்டுவிட்டது என்று முடிப்பார்கள். தைம் என்கிற சிறு புதரின் கதையும் இப்படித்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. மேற்கு மத்தியதரைக் கடலை ஒட்டிய சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் முழங்கால் உயரம்கூட எட்டாமல் வளர்வது. துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் சேர்ந்த குடும்பம். அரிசிமணி அளவே உள்ள இலையைக் கசக்கினால் காரமான மருந்து மணம் அடிக்கும். இந்தச் செடிக்கு உலக மருத்துவத்தில் பெரிய பெயர் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரின் கனமான பகுதி, கிருமியையும் குடற்புழுவையும் கொல்லும் மருந்து என்கிற பகுதி, கடந்த 150 ஆண்டுகளுக்குள் வந்தது. அதைச் சம்பாதித்துக் கொடுத்ததும் பெரும்பாலும் தைம் அல்ல. இந்தியாவில் விளைந்து, மூட்டைகளாகக் கப்பலேறி, ஜெர்மனியில் வடிக்கப்பட்ட ஓமம். இதுதான் என் வாதம். பழங்கதைகளை ஒதுக்கிவிட்டுச் சரக்கு எங்கிருந்து வந்தது, யார் வடித்தார்கள், யார் விழுங்கினார்கள் என்று பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

முதலில் அந்தப் பழங்கதைகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். எகிப்தியர்கள் சடலங்களைப் பதப்படுத்தத் தைமைப் பயன்படுத்தினார்கள் என்பது எல்லா மூலிகைப் புத்தகங்களிலும் இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அந்த வேலையை விவரமாக எழுதிவைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் வெள்ளைப்போளத்தைச் சொல்கிறார், காசியாப் பட்டையைச் சொல்கிறார், குந்திரிக்கம் நீங்கலாக மற்ற வாசனைப் பொருள்கள் என்கிறார். தைமின் பெயரைச் சொல்லவில்லை. 'மற்ற வாசனைப் பொருள்கள்' என்பதற்குள் தைமும் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருக்கலாம் என்பது சான்று ஆகாது. கிரேக்கர்கள் விஷயம் இன்னும் சிக்கலானது. ஏதென்ஸ் அருகே உள்ள ஹைமெட்டஸ் மலைத் தேனுக்குப் புகழ் தந்த செடி, தாவர அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் தேன் விளைச்சலோடு தொடர்புபடுத்திப் பேசிய செடி, கி.பி. முதல் நூற்றாண்டில் மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் சளிக்கும் இரைப்புக்கும் புழுவுக்கும் எழுதிக்கொடுத்த செடி எல்லாமே இன்று நாம் தைம் என்று வாங்கும் இனம் அல்ல என்பதுதான் தாவரவியலாளர்களின் பொதுவான முடிவு. கிரேக்க மலைகளில் தானாக முளைப்பது உருண்டைத் தலைப் பூவுள்ள ஒரு பங்காளிச் செடி. கடைத் தைமின் சொந்த மண் ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலி. ஆக, 2,000 ஆண்டு அனுபவம் என்று நீட்டப்படும் சான்றிதழின் முதற்பக்கமே வேறொரு செடியின் பெயரில் இருக்கிறது.

இரண்டும் உறவுதானே, மணமும் ஏறக்குறைய ஒன்றுதானே, இதற்காக டயாஸ்கோரிடிஸைத் தள்ளிவிட முடியுமா என்பது நியாயமான மறுப்பு. அவர் புழுவுக்குக் கொடுத்ததையே பின்னாளில் ஐரோப்பிய டாக்டர்களும் புழுவுக்குக் கொடுத்தார்கள், இது தற்செயலா என்றும் கேட்பார்கள். இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவை வெளியேற்ற ஒரு பெரியவருக்குக் கொடுத்த அளவு 60 கிரெயின், அதாவது சுமார் 4 கிராம் தைமால், தைம் எண்ணெயிலிருந்து படிகமாகப் பிரியும் பொருள். தைமின் காய்ந்த தழையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 12 மில்லி எண்ணெய் இருக்க வேண்டும், அந்த எண்ணெயில் தைமாலும் அதன் இரட்டையான கார்வக்ராலும் சேர்ந்து 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது இன்றைய ஐரோப்பிய மருந்து நூலின் தர அளவு. அந்த அளவை ஒட்டிய சரக்கென்றால் 4 கிராம் கிடைக்க ஒரு கிலோவுக்குச் சற்றே குறைந்த தழை வேண்டும். மிக உயர்ந்த சரக்காக இருந்தாலும் கால் கிலோவுக்குக் கீழே வராது. அதையும் ஒரே காலை வேளையில் உள்ளே தள்ள வேண்டும். எந்தக் கஷாயமும் இதைச் செய்யாது. கொதிக்கவைக்கும்போது எண்ணெயில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும் என்பது தனிக்கதை. டயாஸ்கோரிடிஸ் சொன்னதற்கும் 1900க்குப் பிந்தைய மருத்துவமனைகளில் நடந்ததற்கும் நடுவே இருப்பது தொடர்ச்சி அல்ல, பெரிய பள்ளம். தவிர, அவர் அந்தச் செடியை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எழுதிக்கொடுத்திருக்கிறார். நூறு பூட்டுக்கு ஒரே சாவியைக் கொடுத்தவர் ஒன்றில் சரியாக இருந்தார் என்பதை முன்னறிவு என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

சமையலறையில் தைமுக்குள்ள இடத்தைப் பற்றி இப்படி எந்தச் சந்தேகமும் இல்லை. அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் அது உண்டு. பிரெஞ்சுச் சமையலில் பார்ஸ்லி, லாரல் இலை, தைம் மூன்றையும் நூலால் கட்டி, குழம்புச் சட்டிக்குள் தொங்கவிட்டு, இறக்கும்போது எடுத்துப்போடுகிற கட்டுக்குப் பல நூற்றாண்டு வயது. மணிக்கணக்கில் சிறுதீயில் வேகிற இறைச்சிக்கு ஏற்ற தழை அது. கொத்தமல்லித்தழை மாதிரி சூட்டில் மணம் இழந்து துவண்டுபோவதில்லை. இங்கிலாந்தில் 1650களில் ஏழை வீடுகளுக்காக மூலிகை நூல் எழுதிய நிக்கலஸ் கல்பெப்பர், தைமை நுரையீரலுக்கு வலு தருவதாகவும் குழந்தைகளின் கக்குவானுக்கு உகந்ததாகவும் சேர்த்துக்கொண்டார். சட்டியிலும் இருமல் கஷாயத்திலும் மாறி மாறிப் போட்ட வீட்டுத் தழை என்பதுதான் 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் தைமின் மதிப்பு. மோசமான மதிப்பில்லை. ஆனால் பேரரசுகளும் கோடீஸ்வரர்களும் தேடி ஓடுகிற மருந்தாக அப்போது அது இல்லை.

கதை திரும்புவது 1719இல், பெர்லினில். அங்கே அரசவை மருந்தாளராக இருந்த காஸ்பர் நாய்மன், தைம் எண்ணெயில் படிகம் கட்டுவதைக் கண்டு பிரித்தெடுத்தார். எண்ணெயிலிருந்து உறைந்து வருகிற எதையும் கற்பூரம் என்று சொல்கிற காலம் என்பதால் இதுவும் தைம் கற்பூரம் ஆயிற்று. 1853இல் பிரான்சின் அலெக்சாந்தர் லலமான் அதன் வேதிச் சேர்க்கையைக் கண்டறிந்து தைமால் என்று பெயரிட்டார். பெயர் விழுந்தது அந்த நொடியில்தான். அப்போதே தக்காணத்துக் கடைவீதிகளில், குறிப்பாகப் புனேயில், இதே படிகத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஓமத்தை வாலையில் வடித்து, வடிநீரின் மேல் மிதந்து உறைவதை வழித்தெடுத்து, ஓமத்தின் பூ என்று மருந்துக்குக் கொடுப்பார்கள். லண்டனில் ஜான் ஸ்டென்ஹவுஸ் 1855இலும், பம்பாயில் ஹெய்ன்ஸ் அடுத்த ஆண்டும் இந்தப் படிகத்தைச் சோதித்து, லலமானின் தைமாலும் இதுவும் ஒன்றே என்று காட்டினார்கள். ஓமம் சீரகம், கொத்தமல்லி, சோம்பு வகைக் குடும்பம். தைமோ துளசிக் குடும்பம். எட்டாத தூரத்து உறவுகூட இல்லாத இரண்டு செடிகள் ஒரே பொருளைச் சமைத்து வைத்திருக்கின்றன. இலையில் தேக்கியது ஒன்று, விதையில் தேக்கியது மற்றொன்று. வணிகக் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த வித்தியாசம்தான்.

பெயர் வைத்த பிறகும் 15 ஆண்டுகள் தைமாலுக்கு வேலையில்லை. கிருமிக் கொள்கை வந்துதான் அதைத் தூக்கிவிட்டது. அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1867இல் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அறுவைப் புண்ணைச் சீழ்பிடிக்காமல் காக்கலாம் என்று எழுதினார். கார்பாலிக் தோலை அரிக்கும், நெடி அடிக்கும், உள்ளே போனால் ஆளைக் கொல்லும். அதே வேதிக் குடும்பத்தில் அதைவிடச் சாதுவான, மணமுள்ள ஒன்றைத் தேடியவர்களின் கண்ணில் தைமால் பட்டது. 1870களில் ஜெர்மனியில் அதைப் புண்கட்டுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1879இல் அமெரிக்காவின் செயின்ட் லூயியில் ஜோசப் லாரன்ஸ் என்ற டாக்டர், தைமாலும் யூகலிப்டஸ் சத்தும் மெந்தாலும் கலந்த திரவம் ஒன்றைச் செய்து லிஸ்டரின் பெயரையே வைத்தார். லிஸ்டரின் என்று இன்றும் குளியலறை அலமாரிகளில் நிற்கும் அந்த வாய்கொப்பளிப்பு நீர், அறுவை மேசையிலிருந்து பல் டாக்டரிடம் போய், 1914க்குப் பிறகு கடைச்சரக்காக ஆனது. தைமாலின் மணம் உலகுக்குப் பழகியது பெரும்பாலும் அந்தக் குப்பி வழியாக. ஆனால் அதில் சேரும் தைமால் மிகச் சிறிது, நூற்றுக்கு ஒரு பங்கில் பத்தில் ஒன்றுகூட இல்லை. டன் கணக்கில் தேவையை உண்டாக்கியது வேறொரு நோய்.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளத்துக்குச் செயின்ட் கோத்தார்டு ரயில் சுரங்கம் வெட்டியபோது, வெட்டிய இத்தாலியத் தொழிலாளர்கள் இரத்தம் வெளிறி, மூச்சு வாங்கி, வேலை செய்ய முடியாமல் விழுந்தார்கள். உள்ளே வெக்கை, காலடியில் சேறு, மலம் கழிக்கத் தனி இடம் கிடையாது. 1880இல் டூரின் நகர டாக்டர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிற கொக்கிப்புழு. அதே ஊரைச் சேர்ந்த கமில்லோ போத்சோலோ, புழுவை வெளியேற்றத் தைமாலைக் கொடுத்து வெற்றி கண்டார். 1899இல் போர்ட்டோ ரிக்கோவில் பெய்லி ஆஷ்ஃபோர்டு என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், கரும்பு, காப்பித் தோட்டக் கூலிகளின் சோகைக்கும் இதே புழுதான் காரணம் என்று காட்டினார். 1904க்குப் பின் அந்தத் தீவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்குச் சிகிச்சை நடந்தது. 1909இல் ஜான் டி. ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஐந்தாண்டு இயக்கம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். செருப்பில்லாமல் பருத்திக் காட்டில் நடந்த லட்சக்கணக்கானவர்களின் தேவைக்குப் போனதும் தைமால்தான்.

அந்தச் சிகிச்சையைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் மூலிகை என்ற சொல்லின் மென்மை போய்விடும். முந்தின இரவு அரை வயிறு, பிறகு எப்சம் உப்பு கொடுத்துப் பேதி. குடலின் வழுவழுப்பு கழுவப்பட்டால்தான் புழு மருந்தில் படும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில், மாவாக அரைத்துக் காப்ஸ்யூலில் அடைத்த தைமாலில் பாதி. எட்டு மணிக்கு மீதி. பத்து மணிக்கு மறுபடியும் பேதி உப்பு. மருந்தும் செத்த புழுவும் சேர்ந்து வெளியேற வேண்டும். அதுவரை உணவு கூடாது. முக்கியமாகச் சாராயம், எண்ணெய், நெய், வெண்ணெய் எதுவும் கிட்டே வரக்கூடாது. தைமால் தண்ணீரில் கரையாது. கொழுப்பிலும் சாராயத்திலும் நன்றாகக் கரையும். கரைந்தால் குடலோடு நிற்காமல் இரத்தத்தில் ஏறித் தலைசுற்றல், மயக்கம், சில சமயம் மரணம் வரை கொண்டுபோகும். வெளியேறிய புழுக்களைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு நாட்டுப்புறத்து மக்களுக்குக் காட்டினார்கள். மாதா கோயில் மைதானத்தில் கூடாரம் போட்டு நடத்திய அந்த முகாம்களில் கிடைத்த நம்பிக்கைதான், தைம் சக்திவாய்ந்த மருந்து என்ற இன்றைய நம்பிக்கைக்கும் அடித்தளம் என்று நினைக்கிறேன். புழுவைக் கொன்ற பொருளுக்குத் தைமின் பெயர் இருந்தது. புகழ் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஆனால் காப்ஸ்யூலுக்குள் இருந்தது தைமா? அந்தக் காலத்து வணிகத்தை அறிந்தவர்கள் இல்லை என்றுதான் சொன்னார்கள். 1914க்கு முன் உலகச் சந்தைக்கு வந்த தைமாலில் மிகப் பெரும்பகுதி ஓமத்திலிருந்து எடுக்கப்பட்டது. காரணம் எளிது. ஓம விதையில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு எண்ணெய் இருக்கும். அதில் பாதியை ஒட்டி, சில சமயம் அதற்கு மேலும், தைமால். தைமைக் குனிந்து அறுத்து, உலர்த்தி, பொதியாக்கிக் கொண்டுபோக வேண்டும். இடத்தை அடைக்கும், நாள்பட்டால் மணம் குன்றும். ஓமத்தைக் களத்தில் அடித்துத் தூற்றிச் சாக்கில் கட்டிவிட்டால் கப்பலின் அடித்தட்டில் மாதக்கணக்கில் கிடந்தாலும் பெரிய சேதமில்லை. பம்பாய்த் துறைமுகத்திலிருந்து போன மூட்டைகள் ஜெர்மனியில் இறங்கின. லைப்சிக் அருகே மில்டிட்ஸில் இருந்த ஷிம்மல் போன்ற எண்ணெய் ஆலைகள் அவற்றை நீராவியில் வடித்து, காரநீரில் தைமாலைப் பிரித்து, வெள்ளைப் படிகமாக உலகுக்கு விற்றன. சக்கையும் வீண்போகவில்லை, கொழுப்பும் புரதமும் மிஞ்சியிருந்ததால் மாட்டுத் தீவனமாகக் காசானது. இந்திய விவசாயிக்கு மூட்டைக்கு விலை. ஜெர்மன் ஆலைக்குப் படிகத்துக்கும் தீவனத்துக்கும் விலை. தைம் செடிக்குப் பெயர்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் இந்த ஏற்பாடு எவ்வளவு ஒற்றைக் காலில் நின்றது என்பது வெளிப்பட்டது. விதை பிரிட்டிஷ் இந்தியாவில், வாலை எதிரி நாட்டில். தைமால் விலை ஏறியது, பிறகு கிடைப்பதே அரிதாயிற்று. அமெரிக்க வேளாண்மைத் துறை தன் நாட்டுக் காட்டுப் புதினா வகை ஒன்றிலிருந்து தைமால் எடுக்க முயன்று அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட், ஓமத்தை இந்தியாவிலேயே வடிக்கலாமே என்று யோசனை சொன்னது. இங்கே தைமால் உற்பத்தியும் தொடங்கியது. தைம் செடி ஸ்பெயினிலும் தென் பிரான்சிலும் காடாகக் கிடந்தபோதே இந்தத் தட்டுப்பாடு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உலகின் தைமால் தைமிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்றால், பிரான்சைத் தம் பக்கத்திலும் நடுநிலை வகித்த ஸ்பெயினைப் பக்கத்து வீட்டிலும் கொண்டிருந்த நேச நாடுகள் திண்டாடியிருக்க வேண்டியதில்லை. என் வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று வேறு தேவையில்லை என்றே தோன்றுகிறது.

இலங்கை மலையகத்துக்கு ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு இயக்கம் வந்து சேர்ந்தது இந்தத் தட்டுப்பாட்டின் நடுவே, 1916இல், மாத்தளையில். தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். லயன் வீடுகளைச் சுற்றிய ஈர மண்ணும் வெறுங்காலும் புழுவுக்குத் தோதாக அமைந்துவிட்டன. பின்னாளில் அவர்கள் கடல் தாண்டுவதற்கு முன் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமிலேயே புழு மருந்து கொடுத்து அனுப்பும் வழக்கமும் வந்தது. தைமால் அரிதாகிவிட்ட அந்த ஆண்டுகளில் சீனோபோடியம் எண்ணெய் என்ற வேறொரு மருந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் நஞ்சுதான், அளவு தப்பினால் தைமாலைவிடக் கொடிது. 1920களில் கார்பன் டெட்ராகுளோரைடு வந்து இரண்டையும் தள்ளியது. புழு மருந்தாகத் தைமாலின் காலம் ஏறத்தாழ 40 ஆண்டுகள்தான்.

இனி மறுப்புகளுக்கு வரலாம். வேதியியல் படித்தவர் ஒருவர், தைமால் எந்தச் செடியிலிருந்து வந்தாலும் தைமால்தானே, இதில் யாருக்குப் பெருமை என்று ஏன் வழக்காட வேண்டும் என்பார். மூலக்கூறுக்கு ஊர் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். வரலாற்றுக்கு உண்டு. ஒரு செடியின் கடந்த காலத்தை எழுதும்போது அந்தச் செடி செய்ததை எழுத வேண்டும். அதன் பெயரில் வேறொன்று செய்ததைக் கலந்துவிட்டால், போர்க்காலத் தட்டுப்பாடு ஏன் வந்தது என்பது விளங்காது, புனேக் கடைக்காரர் காட்சியிலிருந்தே மறைந்துபோவார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற ஒரு குரலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நமக்கு இனிக்கிற குரல். பார்த்தீர்களா, எல்லாம் நம் ஓமத்தில் இருந்தது, நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்பது. டயாஸ்கோரிடிஸுக்கு வைத்த அதே அளவுகோலை இங்கேயும் வைக்க வேண்டும். வயிற்றுப் பொருமலுக்கு ஓமத் திரவம், சளிக்குக் கற்பூரவள்ளிச் சாறு, முறுக்கிலும் ஓமப்பொடியிலும் செரிமானத்துக்காக ஒரு சிட்டிகை: இவை நம் வீடுகளில் உண்மையாகவே வேரூன்றியவை, பயனுள்ளவையும்கூட. ஆனால் அந்த அளவில் ஓமம் கொக்கிப்புழுவைக் கொல்லாது. 4 கிராம் தைமாலுக்கு நல்ல ஓமமே 200, 300 கிராம் வேண்டியிருக்கும். புழு மண்ணிலிருந்து தோல் வழியாக உடலுக்குள் நுழைகிறது என்பதும், சோகைக்கு அது காரணம் என்பதும் 19ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகள். நம் பக்கத்தில் பெருமைப்பட இருப்பது வேறு: படிகத்தைப் பிரிக்கும் கைத்திறன். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் சம அளவில் வாங்கி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடிக் குலுக்கினால், உலர்ந்த மூன்று படிகங்களும் சிறிது நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே தெளிந்த திரவமாகிவிடும். தனித்தனியே ஒவ்வொன்றும் சாதாரண வெப்பத்தில் திடப்பொருள். கலந்தால் உருகுநிலை இறங்கிவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகூரிலிருந்து தாகூர் தத் சர்மா என்ற வைத்தியர் அமிர்ததாரா என்ற பெயரில் விற்றுப் பெரும் பொருள் ஈட்டியது இத்தகைய கலவையை வைத்துத்தான். இன்று அந்தக் கலவைக்காக வாங்கும் படிகம் ஓமத்திலிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் தொட்டு மெட்டா கிரெசாலையும் புரோப்பிலீனையும் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்யும் தைமால்தான் உலகச் சந்தையைப் பிடித்து வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு மூலிகை மருத்துவர்களுடையது. தைமைத் தைமாலாகச் சுருக்கியதே தவறு, முழுத் தழைக்குத் தனிக் குணம் உண்டு என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. எலியின் மூச்சுக்குழாயை எடுத்துச் சுருங்கவைத்து நடத்திய ஒரு ஜெர்மன் ஆய்வில், தைம் சாறு அந்தச் சுருக்கத்தைத் தளர்த்தியது. தைமால் மட்டும் தனியாகக் கொடுத்தபோது தளரவில்லை. கல்பெப்பர் சொன்ன இருமல் குணம் தைமாலைச் சார்ந்தது அல்ல என்று இதைப் படிக்கலாம். 2006இல் வெளிவந்த மற்றொரு ஆய்வில், திடீர் மூச்சுக்குழல் அழற்சி கண்ட 361 பேரில் தைமும் ஐவிக் கொடி இலையும் கலந்த மருந்து குடித்தவர்களுக்கு ஒரு வாரம் கழிந்த நிலையில் இருமல் 68.7 விழுக்காடு குறைந்திருந்தது. வெறும் போலி மருந்து குடித்தவர்களுக்கு 47.6. வித்தியாசம் உண்மையானது. ஆனால் போலி மருந்துக்கே பாதி இருமல் போய்விட்டது என்பதையும், மருந்தில் ஐவியும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, இன்னும் கூராக்குகிறது. இருமல் தைமின் சொந்தச் சம்பாத்தியம். அதைப் பறிக்க எனக்கு எண்ணமில்லை. புழுவும் கிருமியும் தைமாலுடையவை. அந்தக் கணக்கில்தான் ஓமத்தின் பங்கை எழுத மறந்துவிட்டார்கள்.

முழுத் தழை என்று பேசும்போது எந்தத் தழை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தென் பிரான்சின் மோன்பெலியே நகருக்கு வடக்கே செயின்ட் மார்ட்டின் டி லோந்தர் என்ற பள்ளத்தாக்கு. அங்கே காட்டுத் தைமைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1960களிலிருந்து செடி செடியாகச் சோதித்து வருகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் செடிகளுக்குள் ஆறு வகை எண்ணெய் இருக்கிறது. ஒன்றில் தைமால், ஒன்றில் கார்வக்ரால், மற்ற நான்கில் இரண்டுமே முக்கியமில்லை. எலுமிச்சை வாசம், ரோஜா வாசம் என்று போகும். சில கிலோமீட்டருக்குள் வகை மாறிவிடுகிறது. சுற்றியுள்ள வறண்ட, கற்பாங்கான சரிவுகளில் தைமாலும் கார்வக்ராலும் உள்ள செடிகள். குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று தேங்கி நிற்கும் பள்ளத்தில் மற்றவை. முன்குளிர்காலத்து உறைபனியைத் தைமால் வகைச் செடிகள் தாங்குவதில்லை என்பதுதான் காரணம். 1970களில் எடுத்த மாதிரிகளோடு 2010ஐ ஒட்டி எடுத்தவற்றை ஒப்பிட்டபோது, கடும் உறைபனி குறைந்துவிட்டதால், முன்பு இல்லாத இடங்களிலும் அந்த இரண்டு வகைகளும் நுழைந்திருந்தன. ஒரு மடாலயத் துறவியோ ஒரு கிராமத்துக் கிழவியோ 800 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளத்தில் பறித்த தைமில் தைமால் இருந்ததா இல்லையா என்பது அவர் எந்தப் பக்கத்துச் சரிவில் நின்றார், அதற்கு முந்தைய குளிர்காலங்கள் எப்படி இருந்தன என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வாசனை எண்ணெய் வியாபாரிகள் இன்று தைம் எண்ணெய் என்று மட்டும் எழுதி விற்பதில்லை. தைமால் வகை, மற்ற நான்கில் ஒன்றான லினாலூல் வகை என்று குப்பியில் ஒட்டித் தனித்தனி விலை போடுகிறார்கள்.